முதலில் கண்... அப்புறம் கால்... மோதல் கடைசியில்தான்!

ஐஸ் ஹாக்கி என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது டி.வி.யில் எப்போதோ பார்த்த மோதல் காட்சிதான். தலை முதல் கால் வரை கவசம் மாட்டிய இரண்டு பேர் வேகமாக வந்து சுவரோரமாக 'தடால்' என்று மோதிக்கொள்வார்கள். 'ஐயையோ, இந்த விளையாட்டுக்கா பிள்ளையை அனுப்புறாங்க?' என்று வாயில் கை வைத்துக்கொள்வோம்.

கனடாவில் இருக்கும் பெற்றோர் அப்படிச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிட முடியாது. அங்கே குளிர்காலம் என்றாலே ஐஸ் ஹாக்கிதான். டொரன்டோவிலும் அதைச் சுற்றியும் லட்சத்துக்கு மேல் தமிழர்கள் இருக்கிறார்கள். வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பையன் ஸ்கேட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினால், நம்ம வீட்டுப் பிள்ளைக்கும் ஆசை வரத்தானே செய்யும்?

ஆசைப்பட்டுச் சேர்த்தும் விடுகிறார்கள். ஒருநாள் கோச் சொல்கிறார்: "உங்க பையனை டிஃபென்ஸில் ஆட வைக்கப் போறேன்." அங்கேதான் அம்மாவுக்குக் கவலை பிறக்கிறது. 'டிஃபென்ஸ்னா அடி ஜாஸ்தி படுமே? இவனோ ஒல்லி. தாங்குவானா?'

தாங்குவான். ஆனால், தாங்குவது அவனுடைய எலும்பைப் பொறுத்தது அல்ல, கண்ணைப் பொறுத்தது! நல்ல தடுப்பாட்டக்காரர் ஆவதற்கு எது தேவையோ, அதேதான் அடிபடாமல் இருப்பதற்கும் தேவை. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிக் கவலை போய்விடும்.

டிஃபென்ஸ்மேன் என்ன செய்வார்?

ஐஸ் ஹாக்கியில் ஒரு அணிக்கு ஒரே நேரத்தில் ஆறு பேர் களத்தில் இருப்பார்கள். ஒருவர் கோல்கீப்பர். மூன்று பேர் முன்னால் போய்த் தாக்குபவர்கள். மீதி இரண்டு பேர்தான் டிஃபென்ஸ்மேன்கள். வீட்டு வாசலில் நிற்கும் காவல்காரர்கள் மாதிரி!

களம் 200 அடி நீளம், 85 அடி அகலம். சுற்றிலும் பலகைச் சுவர். பந்துக்குப் பதிலாகக் கெட்டி ரப்பரில் செய்த ஒரு வட்டு. குறுக்கே 3 அங்குலம், கனம் 1 அங்குலம், எடை சுமார் 170 கிராம். எதிராளி இந்த வட்டை மட்டையால் தள்ளிக்கொண்டு முன்னோக்கி வேகமாக வருவார். நம்ம பிள்ளையோ அவரைப் பார்த்தபடியே பின்னோக்கி வழுக்கிக்கொண்டு போக வேண்டும். அவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் இவனும் திரும்ப வேண்டும். கடைசியில் அவரைக் கோலுக்கு நேராக வரவிடாமல் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், வட்டைப் பறித்து, தன் அணிக்காரருக்கு அனுப்ப வேண்டும்.

கேட்கவே மூச்சு வாங்குகிறதா? அதனால்தான் ஒரு முறை களத்தில் இறங்கினால் முக்கால் நிமிஷம், ஒரு நிமிஷம்தான். உடனே அடுத்த ஜோடி இறங்கிவிடும்.

உயரமா இருந்தால்தான் ஆடலாமா?

'காவல்காரன்னா ஆஜானுபாகுவா இருக்கணும்' என்று ஒரு நினைப்பு உண்டு. ஸ்லோவாக்கியாவில் பிறந்த ஸ்டெனோ சாரா 6 அடி 9 அங்குலம். என்.ஹெச்.எல். என்கிற பெரிய தொழில்முறை லீகில் 2009-ல் சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நாரிஸ் கோப்பையை வாங்கினார். சரி, அதே கோப்பையை 2024-ல் வாங்கிய க்வின் ஹியூஸ்? வெறும் 5 அடி 10 அங்குலம்தான். அவருடைய பலமெல்லாம் காலிலும் கண்ணிலும்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். ஸ்வீடனைச் சேர்ந்த நிக்லஸ் லிட்ஸ்ட்ரம். டெட்ராய்ட் அணிக்காக 20 சீஸன் ஆடி 2012-ல் ஓய்வு பெற்றவர். நாரிஸ் கோப்பையை ஏழு முறை வாங்கினார். அவர் ஆடிய 1,564 லீக் ஆட்டங்களில் தவறான ஆட்டத்துக்காக வெளியே உட்கார வைக்கப்பட்ட நேரம் மொத்தமே 514 நிமிஷம்தான். அதாவது மூன்று ஆட்டத்துக்கு ஒரு நிமிஷம்! இத்தனைக்கும் தினமும் உலகத்தின் மிகச்சிறந்த ஆட்டக்காரர்களைத் தடுப்பதுதான் அவர் வேலை. முரட்டு மோதலை அவர் நம்பவில்லை. எதிராளி எங்கே போகப் போகிறார் என்று முன்கூட்டியே கணித்து, அந்த இடத்தில் தன் மட்டையை வைத்துவிடுவார். அவ்வளவுதான்!

ஆக, உங்கள் பிள்ளை ஒல்லியா, குள்ளமா என்பதை விட்டுத்தள்ளுங்கள். மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்: கண், கால், மனசு.

கண்: தோளுக்கு மேலே ஒரு பார்வை

டிஃபென்ஸ்மேனுக்கு ஆபத்தான நேரம் எது தெரியுமா? எதிராளி நேருக்கு நேர் வரும்போது அல்ல. எதிரணி வட்டை இவன் பக்கத்து மூலைக்கு அடித்துவிடும்போதுதான். வட்டை எடுக்க இவன் திரும்பி ஓட வேண்டும். முதுகு எதிராளிக்கு, முகம் சுவருக்கு. பின்னால் எத்தனை பேர், எவ்வளவு வேகத்தில் வருகிறார்கள் என்று தெரியாது. அந்த நிலையில் பின்னாலிருந்து ஒரு தள்ளு விழுந்தால்...?

1995 அக்டோபரில் பாஸ்டன் பல்கலைக்கழக அணிக்காக முதன்முதலாகக் களமிறங்கினார் டிராவிஸ் ராய் என்ற 20 வயது இளைஞர். இறங்கிய 11-வது விநாடி. ஒருவரை மோதித் தடுக்கப் போனவர் நிலை தவறி, தலை முன்னே போக, சுவரில் போய் இடித்தார். கழுத்து எலும்பு முறிந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்துபோனது. 2020-ல் காலமாகும் வரை சக்கர நாற்காலிதான். ஆனாலும் மனம் தளராமல் அவரைப் போன்றவர்களுக்காக ஓர் அறக்கட்டளை நடத்தினார்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இப்படிப்பட்ட காயம் மிக அரிது. ஆனால் காரணம் தெரிந்தால் தடுப்பது சுலபம். தலை குனிந்திருக்கும்போது கழுத்தெலும்புகள் குச்சி மாதிரி நேராக நிற்கின்றன. உச்சந்தலையில் விழும் அடி முழுக்கக் கழுத்தில் இறங்கிவிடுகிறது. தலை நிமிர்ந்திருந்தால் கழுத்து இயற்கையான வளைவோடு இருக்கும். தசைகள் அதிர்ச்சியைப் பகிர்ந்துகொள்ளும். அதனால்தான் அங்கே சின்னப் பிள்ளைகளுக்கு முதல் பாடமே, 'சுவரில் மோதப் போறியா? தலையைக் குனியாதே, நிமிர்த்து!'

மூலைக்குப் போகும் பிள்ளை என்ன செய்ய வேண்டும்?

1. வட்டைத் தொடுவதற்கு முன் இரண்டு தடவையாவது தோளுக்கு மேலே திரும்பிப் பார்க்க வேண்டும். முதல் பார்வையில் 'யார் வர்றான்?' அடுத்த பார்வையில் 'எந்தப் பக்கம் காலி?'

2. சுவரை நோக்கி நேராகப் போகாமல் சாய்வாகப் போக வேண்டும். உடம்பு சுவருக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும்.

3. சுவருக்கு மூன்று நாலு அடி தள்ளி நின்றுவிடக் கூடாது. அந்த இடைவெளிதான் வில்லன்! தள்ளினால் வேகமாகப் போய் மோதுவோம். ஒன்று, சுவரை ஒட்டி இருக்க வேண்டும். இல்லையென்றால் நன்றாக விலகி இருக்க வேண்டும்.

4. காலை நிறுத்தக் கூடாது. நகர்ந்துகொண்டே இருப்பவனைச் சரியாக மோதுவது கஷ்டம்.

5. ஜோடிக்காரனும் கோல்கீப்பரும் வாயைத் திறந்து கத்த வேண்டும். 'பின்னால ஆள் வர்றான்!' 'டைம் இருக்கு!' கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகூட டிஃபென்ஸில் ஆடினால் சத்தம் போடக் கற்றுக்கொள்வான்.

பாருங்கள், திரும்பிப் பார்க்கும் அந்த ஒரு பழக்கம் இரண்டு வேலை செய்கிறது. அடியிலிருந்து காப்பாற்றுகிறது. வட்டு கைக்கு வருவதற்கு முன்பே அதை எங்கே அனுப்பலாம் என்றும் சொல்லிவிடுகிறது. 'நல்லா ஆடுறான்' என்று கோச் பாராட்டுவதும் அதைத்தான்.

ஒன்டாரியோ மாகாணத்தில் பல பிள்ளைகளின் சட்டை முதுகில் சிவப்பாக 'ஸ்டாப்' என்று எழுதிய ஓர் அடையாளம் தைத்திருப்பார்கள். பின்னாலிருந்து வருபவனுக்கு அது ஒரு ஞாபகமூட்டல்: 'முதுகு தெரிஞ்சா மோதாதே!'

கால்: பின்னோக்கிப் போகும் வித்தை

தடுப்பாட்டத்தில் பாதி, பின்னோக்கிப் போவதுதான். கண்ணுக்குத் தெரியாத ஒரு நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி முழங்காலை மடக்க வேண்டும். முதுகு நேராக, மார்பு நிமிர்ந்து. ஒரு காலால் ஐஸில் அரை வட்டம் கீறித் தள்ள வேண்டும். பிறகு அடுத்த கால். இடுப்பை ஆட்டி ஆட்டிப் போகிற பிள்ளைக்கு வேகம் வராது. வேகம் தொடையிலிருந்துதான் வரும்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு பக்கம் சுலபமாகத் திரும்ப வரும், மறுபக்கம் வராது. எதிராளி இதைச் சட்டென்று மோப்பம் பிடித்துவிடுவார்! ஆகவே வராத பக்கத்துக்கு இரட்டிப்புப் பயிற்சி கொடுங்கள்.

அடுத்தது, இடைவெளி. எதிராளிக்கும் நம்ம பிள்ளைக்கும் எவ்வளவு தூரம் இருக்கலாம்? நடுக்களத்தில் இரண்டு மட்டை நீளம் இருக்கலாம். தன் பக்கத்து நீலக்கோட்டை நெருங்கும்போது அது ஒரு மட்டை நீளமாகக் குறைய வேண்டும். ரொம்பத் தள்ளி நின்றால் எதிராளிக்கு யோசிக்க நேரம் கிடைத்துவிடும். ரொம்ப ஒட்டி நின்றால் ஒரே வெட்டில் தாண்டிப் போய்விடுவார்.

எதைப் பார்த்துக்கொண்டு நகர்வது? வட்டையா? கூடாது! வட்டு ஏமாற்றும், மட்டை ஏமாற்றும், தலைகூட ஏமாற்றும். மார்பு ஏமாற்றாது. மார்பு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் ஆள் போக முடியும். எனவே கண் எதிராளியின் மார்பில், மட்டை ஐஸ் மேல். ஒரு கையில் மட்டையை நீட்டி, வட்டு போகும் வழியை அடைத்துக்கொண்டு, மெதுவாக அவரைச் சுவர்ப்பக்கம் ஒதுக்க வேண்டும். நடுப்பாதை நமக்கு, ஓரம் அவருக்கு!

இரண்டு எதிராளிகள் வந்து, தடுக்க நம்ம பிள்ளை ஒருத்தன் மட்டும் இருந்தால்? இரண்டு பேரையும் பிடிக்க நினைத்தால் ஒருத்தரும் அகப்படமாட்டார்கள். நடுவில் நின்று, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு வட்டு போகும் வழியை அடைக்க வேண்டும். நேராக அடிப்பதை கோல்கீப்பர் பார்த்துக்கொள்வார். 'எல்லாத்தையும் நானே செய்யணும்' என்ற எண்ணம் போவதற்கு இது ஒரு நல்ல பாடம்.

மோதல்: எந்த வயதில்?

உடம்பால் மோதித் தடுப்பதை 'பாடி செக்' என்கிறார்கள். கனடாவில் இதை எந்த வயதில் அனுமதிப்பது என்று பல வருடங்கள் சண்டையே நடந்தது. 'சின்ன வயசிலேயே பழகினால்தான் பிற்பாடு தாங்குவான்' என்றது ஒரு கட்சி. 'வளர்கிற மூளைக்கு ஆபத்து' என்றது இன்னொரு கட்சி.

பதில் சொன்னது ஒரு ஆராய்ச்சி. அப்போது ஆல்பர்ட்டா மாகாணத்தில் 11, 12 வயதுப் பிள்ளைகளுக்கு மோதல் உண்டு. க்யூபெக் மாகாணத்தில் கிடையாது. கல்கரி பல்கலைக்கழகத்தின் கரோலின் எமரி தலைமையிலான குழு, இரண்டு மாகாணங்களிலும் சேர்த்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஒரு சீஸன் முழுக்கக் கவனித்தது. 2010-ல் முடிவு வெளியானது. மோதல் அனுமதித்த ஆல்பர்ட்டாவில் காயமும் சரி, மூளை அதிர்வும் சரி, மூன்று மடங்குக்கு மேல்!

2013-ல் 'ஹாக்கி கனடா' அமைப்பு நாடு முழுவதும் அந்த வயதினருக்கு மோதலைத் தடை செய்தது. அதற்குப் பிறகு 13, 14 வயதுப் பிரிவில், அதுவும் குறிப்பிட்ட போட்டிகளில்தான் மோதல் ஆரம்பம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014-ல் இன்னும் ஒரு படி மேலே போய், '15 வயதுக்கு முன்னால் வேண்டாம், அதன் பிறகும் உயர்மட்ட அணிகளில் மட்டும் போதும்' என்றது.

இது பெற்றோருக்கு ஒரு நல்ல செய்தி. மோதல் இல்லாத பிரிவிலேயே கடைசி வரை ஆடலாம். ஜாலியாக ஆடுகிற உள்ளூர் லீகில் சேர்ந்தால் மோதலே கிடையாது. மோதல் உள்ள அணிதான் என்று பிள்ளை ஆசைப்பட்டால், சீஸன் தொடங்கும் முன்பே கோச்சிடம் கேளுங்கள்: "மோதலை எப்படி வாங்கணும்னு சொல்லித் தருவீங்களா?" கொடுக்கத் தெரிவதைவிட வாங்கத் தெரிவது முக்கியம்.

மனசு: பத்து விநாடியில் மறக்கணும்!

இந்த இடத்தில் ஆடுபவனுக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. முன்னால் ஆடுபவன் பத்துத் தடவை தவறவிட்டு ஒரு கோல் போட்டால் ஹீரோ. டிஃபென்ஸ்மேன் பத்துத் தடவை தடுத்து ஒரு தடவை தவறவிட்டால், எல்லார் கண்ணும் அவன் மேல்தான். நல்லா செய்தது யாருக்கும் தெரியாது. தப்பு மட்டும் ஸ்கோர் போர்டில் ஏறிவிடும்!

12 வயது மனசு இதை எப்படித் தாங்கும்? சில பிள்ளைகள் அழுவார்கள். சிலர் பயந்து வட்டு வந்ததுமே கண்ணை மூடிக்கொண்டு எங்கேயாவது அடித்துவிடுவார்கள். இன்னும் சிலர் கோபத்தில் போய் முரட்டுத்தனமாக மோதுவார்கள். அந்த மூன்றாவது ரகம்தான் தானும் அடிபட்டு, அடுத்தவனையும் அடிபட வைக்கும்.

இதற்கு ஒரு சின்ன வழி. தப்பு நடந்த உடனே செய்வதற்கு ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெஞ்சுக்கு வந்து ஒரு வாய் தண்ணீர். ஒரு நீண்ட மூச்சு. 'அடுத்த தடவை என்ன செய்வேன்?' என்று ஒரே ஒரு கேள்வி. அவ்வளவுதான், அந்தத் தப்பு முடிந்தது. அடுத்து இறங்கும்போது சுலபமான ஒரு வேலையைச் சரியாகச் செய்யட்டும். பக்கத்தில் இருப்பவனுக்கு ஒரு நேரான பாஸ் போதும், தைரியம் திரும்பிவிடும்.

இன்னொரு ஏற்பாடு: கோலுக்குப் பதிலாக வேறு கணக்கு வையுங்கள். 'இன்னிக்கு எத்தனை தடவை திரும்பிப் பார்த்தே? எத்தனை பாஸ் சரியாப் போச்சு?' பிள்ளை தன் கையில் இருக்கும் விஷயத்தைக் கவனிக்க ஆரம்பிப்பான்.

அப்புறம்... கார்ப் பயணம்! ஆட்டம் முடிந்து வீடு திரும்பும் அந்த அரை மணி நேரம்தான் பல பிள்ளைகளுக்கு ஆட்டத்தைவிடப் பெரிய சோதனை.

"அந்த மூணாவது கோலுக்கு எங்கேடா பார்த்துட்டு இருந்தே?"

"இல்லப்பா... நான்..."

"இவ்வளவு பணம் கட்டி, காலங்காத்தால எழுந்து கூட்டிட்டு வர்றேன், நீ என்னடான்னா..."

இப்படி நாலு வாரம் போனால் ஐந்தாவது வாரம் பிள்ளைக்கு வயிற்றுவலி வந்துவிடும்! பதிலாக, "ஆட்டத்தைப் பார்க்கவே நல்லா இருந்துச்சுடா. பசிக்குதா?" என்று கேட்டுப் பாருங்கள். தப்பைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் அவனே ஆரம்பிப்பான். திருத்துவது கோச்சின் வேலை. பிள்ளையாக நடத்துவது உங்கள் வேலை.

தலையில் அடி பட்டால்...

ஹெல்மெட் போட்டிருக்கிறானே, பிறகென்ன என்று நினைக்காதீர்கள். ஹெல்மெட் மண்டையோட்டைக் காப்பாற்றும். உள்ளே மூளை குலுங்குவதை அதனால் முழுக்கத் தடுக்க முடியாது. அந்தக் குலுக்கலைத்தான் 'கன்கஷன்', அதாவது மூளை அதிர்வு என்கிறோம். மயக்கம் போட்டால்தான் கன்கஷன் என்பதும் தவறு. பெரும்பாலும் மயக்கமே வராது. தலையில் படாமல், தோளில் பலமாக இடித்துத் தலை குலுங்கினாலும் வரலாம்.

அறிகுறிகள்: தலைவலி, தலைசுற்றல், குமட்டல், வெளிச்சமோ சத்தமோ தாங்க முடியாமை, மந்தமான பேச்சு, சொன்னதையே திரும்பக் கேட்பது, காரணமில்லாத அழுகை அல்லது எரிச்சல், தூக்கத்தில் மாற்றம். சில சமயம் அடுத்த நாள்தான் தலை காட்டும்.

2013-ல் ஒட்டாவாவைச் சேர்ந்த ரோவன் ஸ்ட்ரிங்கர் என்ற 17 வயதுப் பெண் ரக்பி ஆடும்போது இறந்துபோனாள். சில நாட்களுக்குள் அவள் தலையில் அடுத்தடுத்து அடி பட்டிருந்தது. முந்தைய அதிர்விலிருந்து மூளை மீள்வதற்குள் மறுபடியும் ஒரு அடி. அதன் விளைவாக 2018-ல் ஒன்டாரியோவில் 'ரோவன் சட்டம்' வந்தது. கன்கஷன் என்று சந்தேகம் வந்தாலே பிள்ளையை உடனே களத்திலிருந்து வெளியே எடுக்க வேண்டும். டாக்டர் சம்மதிக்காமல் திரும்ப இறக்கக் கூடாது.

சட்டம் இருந்தாலும், 'தலை வலிக்குது' என்று பிள்ளை வாய் திறந்து சொன்னால்தானே? 'டீமை விட்டுட்டு உட்கார்ந்தா கோழைன்னு நினைப்பாங்க' என்று மறைக்கும் பிள்ளைகள் ஏராளம். வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "தலை வலிச்சா சொல்றதுதான் தைரியம். நீ சொன்னா நாங்க திட்டமாட்டோம்."

முதல் இரண்டு நாள் லேசான ஓய்வு. இருட்டறையில் நாள்கணக்கில் படுக்க வைக்கும் பழைய முறையை இப்போது டாக்டர்கள் சொல்வதில்லை. மெதுவாக நடக்கலாம், ஆனால் டி.வி., செல்போனைக் குறைக்க வேண்டும். பிறகு படிப்படியாக முதலில் பள்ளிக்கூடம், அப்புறம்தான் விளையாட்டு. லேசான உடற்பயிற்சி, தனியாக ஸ்கேட்டிங், மோதல் இல்லாத பயிற்சி, முழுப் பயிற்சி, கடைசியில் ஆட்டம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். முழுப் பயிற்சிக்கு முன் டாக்டரின் அனுமதி அவசியம். பல பிள்ளைகளுக்கு நாலு வாரத்துக்குள் சரியாகிவிடும்.

திரும்பத் திரும்ப வாந்தி, அதிகமாகிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, கழுத்து வலி, கை கால் மரத்துப்போவது, இரட்டையாகத் தெரிவது, எழுப்ப முடியாத தூக்கம், இதில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

தொடை இடுக்கு ஜாக்கிரதை!

ஸ்கேட்டிங்கில் காலைப் பக்கவாட்டில் தள்ளித் தள்ளியே போவதால் தொடையின் உள்பக்கத் தசைக்குத்தான் பாரம் அதிகம். என்.ஹெச்.எல். வீரர்களைப் பரிசோதித்து 2001-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி, ஆச்சரியமான ஒன்றைச் சொன்னது. உள்பக்கத் தசையின் பலம் வெளிப்பக்கத் தசையின் பலத்தில் 80 சதவிகிதத்துக்குக் குறைவாக இருந்தவர்களுக்குத் தசை இழுத்துக்கொள்ளும் வாய்ப்பு 17 மடங்கு அதிகம்! பலப்படுத்தும் பயிற்சி கொடுத்ததும் அது வெகுவாகக் குறைந்தது.

வருடம் முழுக்க ஹாக்கியே ஆடுவதும் நல்லதல்ல. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஓய்வு, வருடத்தில் மொத்தம் மூன்று மாதமாவது ஹாக்கிக்கு லீவு, 15, 16 வயது வரை பல விளையாட்டுகள் என்பதுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் ஆலோசனை. கோடையில் கால்பந்தோ, நீச்சலோ, கிரிக்கெட்டோ ஆடட்டுமே!

வீட்டிலேயே 15 நிமிஷம்

* முழங்கால்களுக்கு நடுவே ஒரு பந்தை வைத்து 5 விநாடி அழுத்தி விடுவது. 10 தடவை. தொடை இடுக்குக்கு நல்லது.
* ஒற்றைக் காலில் அரை நிமிஷம் நிற்பது. சுலபமாகிவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு.
* நாற்காலியில் உட்காருவது போல் உட்கார்ந்து எழுவது. 10 தடவை, இரண்டு சுற்று.
* சுவரில் பந்தை மட்டையால் அடித்து வாங்குவது. பந்து திரும்பி வருவதற்குள் பிள்ளை தோளுக்கு மேலே பார்க்க வேண்டும். பின்னால் நிற்கும் அம்மா விரல் காட்டுவார். எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும். தம்பி, தங்கைகளும் சேர்ந்துகொள்வார்கள்!

சில சந்தேகங்கள்

*கழுத்துக் கவசம் கட்டாயமா?*
கனடாவில் சிறுவர் ஆட்டங்களில் கட்டாயம். 2023 அக்டோபரில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆடம் ஜான்சன் என்ற 29 வயது வீரர், இன்னொருவரின் ஸ்கேட் பிளேடு கழுத்தில் வெட்டி இறந்துபோனார். அதன் பிறகு பெரியவர்களும் போட ஆரம்பித்தார்கள். 'குத்துது' என்று பிள்ளை கழற்றினால் விடாதீர்கள். பல்லுக்கான கவசத்தையும் மறக்க வேண்டாம்.

*ஆட்டத்துக்கு முன் என்ன சாப்பிடலாம்?*
இரண்டு மூன்று மணி நேரம் முன்பு இட்லி, இடியாப்பம், சாதம் போல எளிதில் ஜீரணமாவது. எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். குளிர்தானே என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். கவசத்துக்குள் நன்றாகவே வியர்க்கும். 'எனர்ஜி டிரிங்க்' பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது.

*விடியற்காலைப் பயிற்சி. தூக்கம் போதுமா?*
12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம், அதற்கு மேல் 8 முதல் 10 மணி நேரம் தேவை. காலையில் சீக்கிரம் எழ வேண்டுமென்றால் இரவு சீக்கிரம் படுக்க வேண்டும். தூக்கம் கெட்டால் கவனம் கெடும். கவனம் கெட்டால் திரும்பிப் பார்க்க மறந்துவிடும்.

*அங்கே வெயிலே இல்லையே, எலும்புக்கு?*
நியாயமான கேள்வி. கனடாக் குளிர்காலத்தில் தோல் மூலம் வைட்டமின் 'டி' கிடைப்பது கடினம். நம்மைப் போல கருத்த தோலுக்கு இன்னும் கடினம். டாக்டரிடம் கேட்டுக் கொடுங்கள். சைவப் பிள்ளைகளுக்கு இரும்புச் சத்தையும் 'பி12'-ஐயும் பார்த்துக்கொள்ளுங்கள்.

*பெண் பிள்ளைகள் ஆடலாமா?*
தாராளமாக! பெண்கள் பிரிவின் சிறுவயது ஆட்டங்களில் பாடி செக் கிடையாது. ஆனால் தடுக்கி விழுவதும், தற்செயலாக இடித்துக்கொள்வதும் உண்டு. கன்கஷன் எச்சரிக்கை அவர்களுக்கும் அப்படியே பொருந்தும்.

கடைசியாக...

பாபி ஓர் என்ற கனடாக்காரர் எட்டு முறை தொடர்ந்து நாரிஸ் கோப்பை வாங்கியவர். டிஃபென்ஸில் ஆடிக்கொண்டே லீகில் அதிகப் புள்ளிகள் எடுத்தவர் என்ற பட்டத்தையும் இரண்டு தடவை தட்டிச் சென்றார். அப்படிப்பட்டவரின் முழங்கால் திரும்பத் திரும்ப ஆபரேஷன் செய்தும் சரியாகாமல், 1978-ல் 30 வயதிலேயே ஆட்டத்தை விட வேண்டியதாயிற்று. எவ்வளவு பெரிய திறமை இருந்தாலும் உடம்பு ஒத்துழைத்தால்தான்.

உங்கள் பிள்ளை பாபி ஓர் ஆவானோ, மாட்டானோ, அது இருக்கட்டும். நாற்பது வயதிலும் தன் பிள்ளையைக் கையைப் பிடித்து ஐஸில் நடத்திப்போகும் அளவுக்கு அவன் தலையும் முழங்காலும் நன்றாக இருக்க வேண்டாமா? அதற்கு இன்றைக்கே ஒரு வேலை கொடுங்கள்: வட்டைத் தொடுவதற்கு முன் ஒரு தடவை... இல்லை, இரண்டு தடவை திரும்பிப் பார்க்கட்டும்.